எஞ்சினை இறக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா? ஒரு 1970 மலிபுவுக்குப் போட்ட கணக்கு

பிரேக் கிளீனரை அடித்து, பழைய பனியன் துணியால் நாலைந்து முறை அழுத்தித் துடைத்த பிறகுதான் அந்த எழுத்துகள் தெரிந்தன. எஞ்சினின் முன்பக்கம், பயணி உட்காரும் பக்கத்து ஹெட்டுக்குக் (சிலிண்டர்களின் மேல்மூடி) கீழே, பிளாக் (எஞ்சினின் வார்ப்பு உடல்) ஒரு சின்னத் திண்ணை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐம்பது வருட எண்ணெயும் தூசியும் அதன் மேல் தாராக இறுகிக் கிடந்தன. மச்சான் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான். முதலில் 1, அது செவர்லே. அடுத்து 0, அது 1970. பிறகு தொழிற்சாலையைக் குறிக்கும் ஓர் எழுத்து, அதன் பின் ஆறு இலக்கம். நான் டாஷ்போர்டின் கண்ணாடி ஓரத்தில் இருக்கும் வண்டி எண் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறும் ஒத்துப்போயின.

"மாமா, அப்போ வண்டி பிறந்தப்போ இருந்த அதே எஞ்சினா இது?"

"அதேதான் மாப்ளே."

"அப்போ இதை இறக்கிட்டு எல்.எஸ். போடுறது தப்பா?"

எல்.எஸ். என்பது செவர்லேயின் இந்தக் காலத்து வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) எஞ்சின் குடும்பம். நாங்கள் இருக்கும் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம், பனிக்காலத்தில் பழைய வண்டியை வெளியே எடுக்க முடியாது. சாலையில் கொட்டுகிற உப்பு தகட்டைத் தின்றுவிடும். அதனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாலு மாதம் கராஜிலேயே உட்கார்ந்து கணக்குப் போட நேரம் கிடைத்தது. எங்கள் வண்டி செவர்லேயின் செவெல் மலிபு, இரண்டு கதவு, 307 கன அங்குல வி8, இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். செவெலிலேயே வேகத்துக்குப் பெயர்பெற்ற, 454 கன அங்குல எஞ்சின் கொண்ட எஸ்.எஸ். 454 இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சாதாரண வண்டிகளுக்குத்தான். 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6 எஞ்சினோடு (1970-இன் 454 அது, மச்சான் கேட்ட எல்.எஸ். குடும்பம் இல்லை) பிறந்த செவெல் கையில் இருப்பவருக்குக் கேள்வியே எழாது. அந்த எஞ்சின்தான் அந்த வண்டியின் விலை. அதைப் பிரித்து எடுப்பவரை நான் தடுக்கத்தான் பார்ப்பேன்.

முதலில் அந்த எண் எதற்கு இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஆர்.சி. புத்தகத்திலேயே எஞ்சின் எண் இருக்கும். மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி அதைப் பதிய வேண்டும். மிச்சிகனில் வண்டி அடையாளம் டாஷ்போர்டில் இருக்கும் எண்தான். எஞ்சினை மாற்றினால் சட்டம் கேட்காது, சந்தை கேட்கும். அதிலும் 1970 செவெலின் வண்டி எண்ணைப் படித்தால் ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா என்பதுவரைதான் தெரியும். எந்த வி8 என்று அது சொல்லாது. அதனால் எந்த எஞ்சின் போட்டார்கள் என்று எழுதிய தொழிற்சாலைத் தாள் தொலைந்துபோன வண்டிக்கு, பிளாக்கில் அடித்த அந்த வரிதான் மிஞ்சியிருக்கும் பெரிய சாட்சி.

உண்மையையும் சொல்ல வேண்டும். 307-இன் எண் பொருந்துவதற்கு எல்.எஸ்.6-க்குக் கிடைப்பதுபோல் யாரும் கொட்டிக் கொடுக்க மாட்டார்கள். 307 அந்தக் காலத்தின் அடிப்படை வி8. 283 எஞ்சினின் துளை (சிலிண்டரின் விட்டம்), 327-இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), மேலே இரட்டை வாய் கார்புரேட்டர். 1968 முதல் 1973 வரை செய்தார்கள். விளம்பரத்தில் 200 குதிரைத்திறன். அந்த 200-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. மின்விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் மேசையில் வைத்து அளந்த கணக்கு அது. 1972-இல் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு வந்தபோது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவு) கொஞ்சம் குறைக்கப்பட்ட இதே 307-க்கு 130 என்று போட்டார்கள். இன்றைய எஞ்சின்களோடு ஒப்பிடும்போது மனதில் வைக்க வேண்டிய எண் இந்த 130-ஐ ஒட்டியதுதான்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

மச்சானின் ஆசையிலிருந்தே தொடங்கலாம். எல்.எஸ். குடும்பம் 1997-இல் கார்வெட்டில் வந்தது. பேருக்குத்தான் இதுவும் 307, 350 போலச் செவர்லேயின் சிறிய பிளாக் (அளவில் சிறிய வி8 குடும்பம்), பழையதன் உதிரி பெரும்பாலும் இதில் பொருந்தாது. இரண்டு விதமாக இதை வாங்கலாம். பெட்டியில் புதிதாக வரும் 6.2 லிட்டர் எல்.எஸ்.3, 430 குதிரைத்திறன். இல்லையென்றால் பழைய சில்வராடோ பிக்கப்பிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர், ஆண்டைப் பொறுத்து 270-லிருந்து 295 வரை. இரண்டுமே முன்னே சொன்ன நேர்மையான கணக்கில். காலையில் சாவியைத் திருப்பினால் குளிரோ வெயிலோ ஒரே தொடக்கில் ஓடும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். எல்.எஸ்.3-இன் பிளாக் அலுமினியம் என்பதால் மூக்கில் ஐம்பது கிலோவாவது குறையும், வளைவில் வண்டி வேறு மாதிரி திரும்பும். இயந்திரமாக மட்டும் பார்த்தால் இதை வெல்ல எங்கள் பட்டியலில் எதுவும் இல்லை.

ஆனால் எஞ்சின் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பாதி வேலையில் நிற்கிறார்கள். பழைய கார்புரேட்டருக்குச் சுமார் 6 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும், எல்.எஸ்.ஸுக்கு 58 வேண்டும். அப்படியென்றால் டேங்கு, பம்ப், குழாய் மூன்றும் மாறும். பிக்கப் எஞ்சினின் ஆயில் பேன் செவெலின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அதுவும் மாறும். எஞ்சின் மவுண்டுக்கு இடைத்தகடு, புது எக்சாஸ்ட், புது ரேடியேட்டர், ஏ.சி. கம்ப்ரஸருக்குப் புது பிடிமானம், கணினிப் பெட்டி, வயரிங். இவ்வளவும் முடிந்தால் பவர்கிளைடால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது, கியர்பாக்ஸ் மாறும். அதற்குப் பின்னால் எங்கள் மலிபுவில் இருக்கும் 8.2 அங்குல பத்து போல்ட் ஆக்சில். 430 குதிரைத்திறனில் நல்ல டயரைப் போட்டு ஒருமுறை அழுத்தினால் அதன் பல் போகும். எஸ்.எஸ். வண்டிகளுக்குப் பன்னிரண்டு போல்ட் ஆக்சில் கொடுத்ததே அதற்காகத்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் கணினியும் ஒன்றாகச் சேர்த்துச் செவர்லேயே விற்கிறது, அதை வாங்கினால் வயரிங் தலைவலி குறையும். ஆக்சிலும் பிரேக்கும் அப்போதும் நம் பாடுதான். எங்களுக்கு வந்த மதிப்பீட்டில் எஞ்சினுக்கு ஆகும் செலவுக்குச் சமமாக இன்னொரு பங்கு இந்தச் சுற்று வேலைகளுக்கே வந்தது. அதுவும் கூலி இல்லாமல், நாங்களே செய்தால்.

அடுத்தது பெட்டியில் வரும் புது 350. இது பழைய சிறிய பிளாக்கின் வழித்தோன்றல். 307 உட்கார்ந்த அதே மவுண்டில் இதுவும் உட்காரும். எக்சாஸ்ட், ஆல்டர்னேட்டர், பிடிமானங்கள் பெரும்பாலும் அப்படியே சேரும். செவர்லே ஆரஞ்சு வண்ணம் அடித்து அதே ஏர் கிளீனரை வைத்தால், பானட்டைத் திறந்து பார்ப்பவரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. இசட்.இசட்.6 என்று வருவது 405 குதிரைத்திறன், அதைவிட அடக்கமானவையும் உண்டு. ஒரு சின்ன இடறல்: 1986-க்குப் பிந்தைய வடிவத்தில் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டு. பழைய ஃபிளெக்ஸ் பிளேட் (கிராங்கையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தட்டு) அதற்குச் சேராது, எடைச் சமநிலையும் வேறு. தெரியாமல் பழையதையே மாட்டினால் எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும். மற்றபடி இரண்டு பேர் ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய வேலை. முக்கியமாக, இதைத் திரும்பவும் கழற்றலாம். வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) எங்கும் வெட்டோ பற்றவைப்போ கிடையாது. எஞ்சின் மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் நான் போகும் வழி இதுதான். பவர்கிளைடும் ஆக்சிலும் தாங்குமா என்ற கேள்வி மட்டும் இங்கும் உண்டு, கொஞ்சம் மெதுவாக.

மின்சார மோட்டாரும் ஒரு வழிதான், பலரும் இப்போது செய்கிறார்கள். நல்ல வேலைப்பாட்டையும் பார்த்திருக்கிறேன். பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் தொடங்கி டிக்கியும் சட்டமும் மாறிப்போகும். இந்த வண்டியை வாங்கியதே அந்த வி8-இன் சத்தத்துக்காக என்பதால் நாங்கள் அதற்குள் போகவில்லை.

இனி இருக்கிற எஞ்சினையே வலுவாக்குவது. நாலு வாய் கார்புரேட்டரும் அதற்கான இன்டேக்கும், நல்ல கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), ஹெட்டர் (புகை எளிதாக வெளியேறும் எக்சாஸ்ட் குழாய்). படிப்பதற்கு அழகான திட்டம். ஆனால் 307-இன் துளை 3.875 அங்குலம், 350-க்கு 4 அங்குலம். துளை சின்னதாக இருக்கும்போது பெரிய வால்வு வைத்தாலும் சிலிண்டர் சுவர் மூச்சை அடைக்கும். 307-க்குள் போடும் அதே பணத்தை 350-க்குள் போட்டால் பலன் எப்போதும் கூடுதலாகவே வரும். கேமை மாற்றினால் இன்னொரு கவனமும் வேண்டும். இந்தத் தலைமுறை எஞ்சின்களில் கேமின் மேல், வால்வைத் தள்ளும் தட்டையான லிஃப்டர் உரசிக்கொண்டே ஓடும். அதற்குத் துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள ஆயில் வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் அது குறைவு. புதுக் கேமை முதல் இருபது நிமிடம் சரியான வேகத்தில் ஓட்டிப் பதமாக்காவிட்டால் முதல் நாளே தேய்ந்துவிடும். இந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. எஞ்சினைப் பத்திரப்படுத்தியதாகவும் ஆகாது, வண்டி வேகமானதாகவும் ஆகாது.

எஞ்சினை இறக்கிப் பழைய அளவுக்கே சீராக்குவது வேறு விஷயம். புகை அடித்தால், கம்ப்ரஷன் விழுந்தால், அது செய்தே ஆக வேண்டியது. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சமமாக்க ஒரு சீவு சீவுவார்கள். நான் முதலில் சொன்ன அந்தத் திண்ணையும் அதே தளத்தில்தான் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் சொல்லாமல் விட்டால் எண்ணும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவரின் 1969 நோவாவுக்கு இதுதான் நடந்தது. பிளாக் பளபளவென்று வந்தது, எண் இருந்த இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. எண்ணைத் திரும்ப அடித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது மோசடி. தவிர, தொழிற்சாலை இயந்திரம் அந்தத் தளத்தில் விட்டுப்போன மெல்லிய இணைகோடுகளைப் பார்த்தே தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். பிளாக்கைக் கொடுக்கும்போது அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டமிட்டு, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் படமும் எடுத்து வையுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோலில் வால்வு சீட் (வால்வு வந்து மூடும் விளிம்பு) தேய்ந்துவிடுமே என்பது அடிக்கடி வரும் கவலை. அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் 1996-இல் முழுதாக நின்றது. அதிவேகத்தில் மணிக்கணக்காக ஓட்டினாலோ பாரம் இழுத்தாலோ தேய்மானம் உண்மைதான். வார இறுதியில் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்வரும் வண்டிக்கு அதற்காக மட்டும் ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. வேறு காரணத்துக்கு இறக்கும்போது கடின சீட் வைத்துக்கொண்டால் போதும். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் உடனடித் தொல்லை. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது இளக்கும், அவற்றை முதலிலேயே மாற்றிவிட வேண்டும்.

இந்த நாலு மாதத்தில் நான் உறுதியாக நம்பத் தொடங்கிய ஒன்றைச் சொல்ல வேண்டிய இடம் இது. எங்கள் வண்டி மந்தமாக இருந்ததற்குப் பெரிய காரணம் எஞ்சின் இல்லை, கியர்.

பவர்கிளைடின் முதல் கியர் விகிதம் 1.82. எங்கள் ஆக்சிலின் பல் விகிதம் 2.73. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 5. சிக்னலில் நின்று கிளம்பும்போது எஞ்சினின் முறுக்கு சக்கரத்துக்குப் போவதற்குள் ஐந்து மடங்காகிறது. ஜி.எம். 1980-களில் செய்த 200-4ஆர் என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. பியூக் கிராண்ட் நேஷனலில் வந்தது இதுதான். அதன் முதல் கியர் 2.74. ஆக்சிலில் 3.55 பல் போட்டால், பெருக்கல் 9.7. அதே எஞ்சின், அதே கார்புரேட்டர், சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுப்பு. சரி, நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்துமே என்று தோன்றும். கத்தாது. நாலாவது கியர் 0.67 என்பதால் பெருக்கல் 2.38-க்கு இறங்குகிறது, முன்பிருந்த 2.73-ஐவிடக் குறைவு. 70 மைல் வேகத்தில் 2,470-ஐ ஒட்டி ஓடிய எஞ்சின் 2,150-ஐ ஒட்டி ஓடும். தாளில் இதைப் போட்டுக் காட்டியபோது மச்சான் கால்குலேட்டரை வாங்கி இரண்டு முறை சரிபார்த்தான்.

இன்னும் நல்லது, 200-4ஆர் பழைய பிளாக்கில் நேராகப் போல்ட் ஆகும். நீளமும் பவர்கிளைடின் நீளமே என்பதால் டிரைவ் ஷாஃப்டை வெட்ட வேண்டாம். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் பின்னால் தள்ள வேண்டும். ஒரே ஒரு இடத்தில் அலட்சியம் கூடாது. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அதுதான் கியர்பாக்ஸுக்குச் சொல்கிறது, உள்ளே ஆயில் அழுத்தமும் அதை வைத்துத்தான் ஏறும். தளர்வாக விட்டால் சில மைல்களிலேயே கிளட்ச் தட்டுகள் கருகிப்போகும். கார்புரேட்டருக்கு ஏற்ற சரியான பிராக்கெட்டை வாங்கி, அழுத்தமானியை மாட்டிப் பார்த்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் பிரேக். 1970 மலிபுவில் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான் வழக்கமாக வந்தது. வேகத்தில் இரண்டு முறை அழுத்தினால் மூன்றாம் முறை மிதி பஞ்சாகிவிடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் பணம் முன்பக்க டிஸ்க்குக்குப் போக வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

சட்டப்பக்கம் மிச்சிகனில் சுலபம். புகைச் சோதனையே இல்லை. புகைக்குக் கெடுபிடியான கலிஃபோர்னியாவிலேயே 1975 வரையிலான வண்டிகளுக்கு விலக்கு உண்டு. நாங்கள் வரலாற்று வண்டிக்கான எண்பலகை வாங்கியிருக்கிறோம். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கும் வண்டியைச் சோதித்துப் பார்ப்பதற்கும் மட்டும் ஓட்டலாம் என்பது விதி, ஆகஸ்ட் மாதம் மட்டும் வழக்கமான போக்குவரத்துக்கும் ஓட்டலாம். வுட்வர்ட் சாலையில் 1995 முதல், 2020 தவிர, வருடந்தோறும் பழைய வண்டிகள் கூடும் டிரீம் குரூஸும் ஆகஸ்டில்தான். வருடத்தில் மொத்தம் எத்தனை மைல் ஓட்டப்போகிறோம் என்று யோசித்தபோது, எல்.எஸ். தரும் பெட்ரோல் மிச்சம் கணக்கிலேயே வரவில்லை. தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு, டெக்ஸாஸ் வெயிலில் ஏ.சி. போட்டு நானூறு மைல் போகிறவருக்கு, இந்தக் கணக்கு தலைகீழாகும். அவருக்கு எல்.எஸ்.தான் என்று தயங்காமல் சொல்வேன். அதேபோல, துடைத்துப் பார்த்தபோது எண் பொருந்தாமல் போயிருந்தால், யாரோ எப்போதோ மாற்றிவிட்ட எஞ்சினைக் காக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இருந்திருக்காது. அன்றே 350-க்குச் சொல்லியிருப்போம்.

எண் பொருந்தியது. அதனால் 307 இருந்த இடத்திலேயே இருக்கிறது. டைமிங் கவரையும் (கேமைச் சுழற்றும் செயினின் மூடி) ஆயில் பேனையும் மட்டும் திறந்தோம். அந்தக் கால கேம் பல்சக்கரத்தின் பல்லுக்குச் சத்தம் குறைய நைலான் பூசியிருப்பார்கள். எங்களுடையதில் பல்லில் பாதி இல்லை. ஆயில் பேனை இறக்கியபோது, உடைந்த நைலான் துணுக்குகள் பழுப்பேறிய அரிசிக் குருணை மாதிரி அடியில் கிடந்தன, சில ஆயில் பம்பின் சல்லடையிலும் ஒட்டியிருந்தன. இன்னும் ஒரு கோடை அப்படியே ஓட்டியிருந்தால் செயின் நழுவி, எஞ்சினை வைப்பதா மாற்றுவதா என்ற கேள்வியே எங்கள் கையை விட்டுப் போயிருக்கும். முழு இரும்புப் பல்சக்கரமும் புதுச் செயினும் போட்டோம். வால்வு சீல், குழாய்கள், முன் டிஸ்க், 200-4ஆர், 3.55 பல். ஆக்சில் பல்லை அமைப்பதை மட்டும் அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்தோம். எல்லாம் சேர்ந்து எல்.எஸ்.3 திட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நின்றது.

ஏப்ரல் கடைசியில் மழை உப்பைக் கழுவிய பிறகு முதல் ஓட்டம். சிக்னலில் பச்சை விழுந்ததும் மச்சான் வழக்கம்போல் பாதி மிதியை அழுத்தினான். வண்டி முன்னே பாய்ந்த வேகத்தில் டாஷ்போர்டில் வைத்திருந்த என் கண்ணாடி மடியில் வந்து விழுந்தது. நெடுஞ்சாலையில் நாலாவது கியர் விழுந்தபோது சத்தம் அடங்கி, இரண்டு பேரும் சாதாரணக் குரலில் பேச முடிந்தது.

பவர்கிளைடைக் கழுவி, வாய்களை அடைத்து, கராஜ் மூலையில் மரப்பலகை மேல் வைத்திருக்கிறோம். பழைய 2.73 பல்லும் எண்ணெய்த் தாளில் சுற்றி அதன் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பனிக்காலத்தில் கம்ப்ரஷன் பார்ப்போம். ஏதாவது சிலிண்டர் படுத்திருந்தால் 307-ஐ இறக்கி, அந்த எண்ணின் மேல் கிரீஸ் தடவி, பவர்கிளைடுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஓர் அடக்கமான 350-ஐ ஏற்றுவோம். அதற்கான இடத்தை மச்சான் இப்போதே சுத்தம் செய்து வைத்திருக்கிறான்.